உப்பு வரைந்த கோடு

பத்து நாளாக மழை இல்லை. இன்று காலை கடையின் பின்னறையைத் திறந்தபோது உன் சாக்குத் துணியில் அந்த வெள்ளை மறுபடி வந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பேதான். அதைப் பற்றி உன்னிடம் சொல்லாமலே விட்ட ஒன்று இருக்கிறது.

ஜப்பான்காரன் காலம். ரப்பர் வாங்க ஆளில்லாமல் சுங்கை லாலாங் தோட்டத்தில் பால் சும்மா கிடந்தது. நீ அங்கே புகைக்கூடத்தில் ரப்பர் சீட் உலர்த்துகிறவன். நான் மெர்போக்கிலிருந்து மாட்டு வண்டியில் உப்பு கொண்டுவந்து விற்கிறவன். வேலை நின்றுபோன அந்த நாட்களில் நான் கொடுத்த கிழிந்த அரிசிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, மண்ணை ரப்பர் பாலில் குழைத்து, பட்டை பட்டையாகப் பூசினாய். சாலை வெட்டிய மேட்டின் சிவப்பு, ஆற்றங்கரைச் சேற்றின் சாம்பல், புகைக்கூடத்துக் கரி. ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது.

“இதுல சாமி இருக்கா, மாடு இருக்கா? என்னாத்தடா வரையிற?”

“ஒண்ணும் இல்ல முதலாளி. மலைக்குள்ள இருக்கிறத வரையிறேன்.”

ஒரு வண்டியும் தகரக் கொட்டகைக் கடையும் வைத்திருந்தவனை முதலாளி என்று கூப்பிட்டுக் கேலி செய்தவன் நீ ஒருவன்தான்.

தோட்டத்துக்கு வருமுன் ஜெராய் மலையடிவாரத்தில் கல் உடைத்தவன் நீ. பிளந்த பாறைக்குள் அடுக்கடுக்காகப் பார்த்ததைச் சொல்வாய். “ஒரு விரக்கடை சேறு கல்லாவுறதுக்கு எத்தன ஆயுசு போயிருக்கும்? ஜப்பான்காரன் இருக்கிற காலம் இதுல ஒரு மயிரிழை கனம்கூட வராதுலா.” அதைக் கேட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு மரவள்ளிக்கிழங்கு கொஞ்சம் எளிதாகத் தொண்டையில் இறங்கும்.

உனக்கு ஒரே குறை. பழுப்புப் பாறைக்கு நடுவே நீ பார்த்த ஒற்றை வெள்ளை நரம்பு துணியில் வரவில்லை. சுண்ணாம்பு குழைத்துப் பார்த்தாய். பாலோடு சேர்ந்து அதுவும் பழுப்பாகிப்போனது. “வெள்ளதான் நிக்க மாட்டேங்குது” என்று அடியில் இரண்டு விரல் அகலத்தை வெறுஞ்சாக்காகவே விட்டுவிட்டாய்.

சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது உன் பெயரும் வந்தது. போகும் நாளில் துணியை என் கடைக்குத் தூக்கி வந்தாய். “மடிக்காத, வெடிச்சிரும். சுவத்துலயே தொங்கட்டும். நான் வந்து வெள்ளைய முடிக்கிறேன். வித்துடாத முதலாளி.”

“இத எவன்டா வாங்குவான்?”

சிரித்துக்கொண்டேதான் லாரி ஏறினாய்.

விற்கவில்லை. அதைவிட மோசம். அந்த மழைக்காலத்தில் வண்டி நிறைய உப்பு. மூடத் தார்ப்பாய் எங்கும் கிடையாது. பால் பூசிய சாக்கில் தண்ணீர் இறங்காது என்று தெரியும். சுவரிலிருந்து இறக்கி உப்பின்மேல் போட்டுக் கயிறு கட்டினேன். தயங்கினேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். உப்பு தப்பித்தது. துணியின் அடி ஓரம் வண்டித் தட்டில் தேங்கிய உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க ஊறியது. கழற்றும்போது மடிப்புகளில் வெடிப்பு. சுருட்டிப் பரண்மேல் போட்டேன்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் திரும்பியபோது சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனில் போய் நின்றேன். எலி கடித்துவிட்டது என்று உன்னிடம் சொல்வதாக இருந்தேன். நாலு முறை போனேன். கடைசியில் உன்னோடு லாரி ஏறிய ஒருவன் இறங்கினான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். எலிக் கதை தேவைப்படவில்லை.

மயிரிழை கனம் என்றாய். ஓர் ஆள் போய் மறைய அதற்குள் இடம் இருந்திருக்கிறது.

பல வருஷம் கழித்து அதை இறக்கி மாட்டினேன். காய்ந்த மாதம். நீ வெறுமனே விட்ட பட்டையில், சாக்கு குடித்திருந்த உப்பு பூத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெள்ளை ஓடியது. மழை வந்ததும் வியர்த்துக் கரைந்தது. ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான். “இந்தச் சாக்கத் தூக்கிப் போடுங்க, செவுரெல்லாம் உப்பு” என்று என் வீட்டுக்காரி சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். இப்போது அவளும் இல்லை.

மலைக்குள் இருக்கும் வெள்ளை இப்படித்தான் இருக்குமா, எனக்குத் தெரியாது. பார்த்தவன் நீ. வானம் கறுக்கிறது; சாயங்காலத்துக்குள் இது கரைந்துவிடும். கடையைப் பாதி சாத்திவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நாக்கில் உப்பு இன்னும் போகவில்லை.