காமாலைன்னு சொல்ல மாட்டேன்

பாகூர்
24 மே 2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம்ம புள்ள ஷிபானாவும் அல்லாஹ் கிருபையால் இருக்கோம். நலமா இருக்கோம்னு எழுதத்தான் கை போச்சு. நிறுத்திட்டேன்.

போன்ல பேசினா நீங்க சத்தம் போடுறீங்க. இந்தச் சின்ன வூட்ல எல்லாம் அவ காதுல விழுது. அதனால தாள்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்புறேன். லாரியை ஓரமா நிறுத்திட்டு நிதானமா படிங்க. நீங்களும் எழுதியே பதில் அனுப்புங்க.

பிப்ரவரியில கணக்குப் பரீட்சை அன்னிக்கு நடந்ததை உங்களுக்கு முழுசாச் சொல்லல. பாதியில அவளுக்குக் கை நடுங்கி, மூச்சு முட்டியிருக்கு. செத்துடுவோம்னே நெனச்சிருக்கா. எழுந்து ஓடி, தண்ணிக் குழாய்கிட்ட உட்கார்ந்துட்டா. ஹால்ல இருந்த டீச்சர், "படிக்காம வந்தா இப்படித்தான் நடிப்பு வரும்"னு சொல்ல, வகுப்பே சிரிச்சிருக்கு. மறுநாள் யூனிபார்ம் போட்டா, தலை பின்னிக்கிட்டா, வாசப்படி வரைக்கும் வந்தா. அதுக்கு மேல கால் போகல. லீவு விடுற வரைக்கும் தினமும் இதே கதைதான்.

கேக்கிறவங்ககிட்ட காமாலைன்னு சொல்லச் சொன்னீங்க. சொன்னேன். தெருவே கீழாநெல்லி கொண்டாந்து குடுத்துச்சு. உங்க தங்கச்சி ஆரிபா பத்தியச் சோறு ஆக்கி எடுத்துக்கிட்டு வந்தா. ஷிபானா எல்லாத்தையும் வாங்கித் தின்னா. ஒரு நாள் என்னைக் கேட்டா: "ஏம்மா, எனக்கு வந்தது அவ்ளோ அசிங்கமான சீக்கா?"

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். புதுச்சேரிக்குக் கூட்டிப்போய் மனநல டாக்டர்கிட்டக் காட்டினேன். பதற்ற நோயாம். நெறைய புள்ளைங்களுக்கு வருதாம், சரியாயிடுமாம். ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் குடுத்திருக்காங்க. ஜூன் ரெண்டு திறக்குது. அந்த லெட்டரோடதான் அவளை பன்னண்டாவதுல உட்கார வைக்கப் போறேன். உங்களுக்குத் தெரியணும்னு எழுதுறேன்.

உங்க
பர்வின்

*

மஸ்கட்
28 மே 2025

பர்வினுக்கு,

வஅலைக்கும் ஸலாம். மூணு தடவை படிச்சேன். எம்புள்ள செத்துடுவோம்னு நெனச்சதை நான் மூணு மாசம் கழிச்சுத் தெரிஞ்சுக்கிறேன். அந்தக் கோபம் இருக்கு. அது பெறகு.

டாக்டர்கிட்டக் காட்டினது சரி. ஆனா மனநல டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கூல்ல குடுத்தா, சாயங்காலத்துக்குள்ள பாகூர் பூரா தெரிஞ்சுடும். பைத்தியம்னு ஒரு வார்த்தை ஒட்டிக்கிச்சுன்னா உரிச்செடுக்க முடியுமா? நாளைக்கு அவளைப் பொண்ணு கேட்டு யார் வருவா? ஆரிபா வூட்டுக்காரருக்கு ஒரு டாக்டரைத் தெரியும். காமாலைன்னே சர்டிபிகேட் வாங்கிக்கலாம். நான் பேசிட்டேன். நீ போய் வாங்கிக்கிட்டா போதும்.

பதினெட்டு வருஷத்துல நான் சொன்னதை நீ தட்டினதில்ல. இதையும் தட்டாதே.

யாசின்

*

பாகூர்
9 ஜூன் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

தட்டிட்டேன்.

பெருநாளுக்கு நீங்க போன் பண்ணல. கோபம் புரியுது. ஆனா நடந்ததை நான்தானே சொல்லணும்.

டாக்டரம்மா சொன்னபடி லீவுலயே பழக்கினோம். செலியமேட்டுல இருந்து அவ சிநேகிதி இளவரசி தினமும் சைக்கிள்ல வந்துடும். மூணு பேரும் சாயங்காலம் ஸ்கூல் கேட் வரைக்கும் நடப்போம். மொத நாள் பெட்டிக்கடையோட திரும்பிட்டா. ரெண்டாம் நாள் கேட். நாலாம் நாள் வாட்ச்மேன் உள்ள விட்டாரு. காலி வகுப்புல பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டு வந்தா.

திறந்த அன்னிக்கு பிரின்சிபால் அம்மாகிட்ட லெட்டரைக் குடுத்தேன். கதவோரமா இடம், மூச்சு முட்டினா கேக்காமலே வெளியே போய் வர அனுமதி, மொத ரெண்டு வாரம் அரை நாள். அவ்ளோதான் டாக்டரம்மா அதுல கேட்டிருந்தாங்க.

படிச்சுட்டு, "டிசி வாங்கிட்டுப் போங்கம்மா. வூட்ல இருந்தே படிச்சு பிரைவேட்டா எழுதட்டும். ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க"ன்னாங்க.

"கேக்கட்டும் மேடம். கேக்கிற புள்ளைங்களுக்கு நெஜமாவே மூச்சு முட்டினா இன்னா பண்ணுவீங்க?"ன்னேன்.

அவங்க லெட்டரை மடிச்சு என்கிட்டயே நீட்டினாங்க. "முடியாதுன்னா அதையே ஒரு தாள்ல எழுதி சீல் வெச்சுக் குடுங்க. நான் கல்வித்துறைக்குக் கொண்டு போறேன்"னு சொல்லிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். மொத பீரியட் பெல் அடிச்சுது, ரெண்டாவதும் அடிச்சுது. நான் எழுந்திருக்கல. கடைசியில, "ரெண்டு வாரம் பாப்போம்"னு கையெழுத்துப் போட்டாங்க.

வகுப்புல ஒரு பொண்ணு, "காமாலை போயிடுச்சாடி?"ன்னு கேட்டுச்சாம். நம்ம புள்ள எழுந்து நின்னு சொல்லியிருக்கா: "காமாலை இல்ல. பயத்துல மூச்சு முட்டுற நோய். மாத்திரை சாப்பிடுறேன். இன்னா இப்ப?" இளவரசிதான் வந்து சொல்லுச்சு. யாரும் சிரிக்கலயாம்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க. செவ்வாய்க்கிழமை ரெண்டு தடவை வெளியே வந்து வராண்டாவுல உட்கார்ந்திருக்கா. புதன்கிழமை போகவே முடியல, பூரா நாளும் படுத்தே கெடந்தா. வியாழக்கிழமை அவளே எழுந்து போனா.

ஆரிபாகிட்டயும் நானே போய்ச் சொல்லிட்டேன். பெருநாளுக்கு அவ வரல. வராட்டி போகட்டும். இதுக்காகக் கதவைச் சாத்திக்கிற வூட்டுக்கு எம்பொண்ணு மருமகளாப் போக வேணாம். உங்களுக்குக் கோபம்னா என்மேல காட்டுங்க. அவகிட்டப் பேசாம இருக்காதீங்க. தினமும் போனை எடுத்துப் பாத்துட்டு வெச்சுடுறா.

உங்க
பர்வின்

*

மஸ்கட்
14 ஜூன் 2025

அன்புள்ள பர்வின்,

என்னைக் கேக்காம செஞ்சது தப்புன்னுதான் இன்னும் சொல்லுவேன். ஆனா அதுக்காகப் பேசாம இருக்கல. இந்த லெட்டரை நாலு நாளா எழுதி எழுதிக் கிழிச்சேன்.

நான் இங்க வந்த மொத வருஷம், கூட வேலை பாத்தவன் வண்டி பாலத்துல மோதினதைக் கண்ணால பாத்தேன். மறுநாள் சாவியைக் கையில எடுத்தேன். நெஞ்சு அடைச்சுது, வேர்த்துக் கொட்டுச்சு, ஸ்டியரிங்ல கை நிக்கல. ஒன்பது நாள் வண்டி எடுக்கல. உனக்கும் முதலாளிக்கும் காய்ச்சல்னு சொன்னேன். பத்தாம் நாள் வேலை போயிடும்னு பயந்து எடுத்தேன். இப்பவும் சில நாள் பாலம் வந்தா அது வருது. வண்டியை ஓரங்கட்டி ஜன்னலை இறக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். உங்கிட்டக் கூடச் சொன்னதில்ல. ஆம்பள இதை எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்.

பதினாறு வயசுப் பொண்ணு நாப்பது பேர் முன்னாடி எழுந்து நின்னு சொல்லியிருக்கா.

நேத்து ஆரிபாகிட்டப் பேசினேன். "அண்ணி ஏன் ஊரெல்லாம் சொல்லுது?"ன்னு ஆரம்பிச்சா. "அது எனக்கும் இருக்கு. உன் வூட்டுக்காரர்கிட்ட அதையும் சேத்துச் சொல்லு"ன்னு வெச்சுட்டேன். அவ இனி வருவாளா, தெரியாது.

ரெண்டு வாரம் முடிஞ்சு பிரின்சிபால் மறுபடி டிசி பேச்சு எடுத்தாங்கன்னா, அங்க உட்கார்ந்தே எனக்கு போன் போடு. ஸ்பீக்கர்ல பேசுறேன்.

இந்த லெட்டரை ஷிபானாகிட்டக் குடு. ஒரு வரி விடாம படிக்கட்டும். படிச்சு முடிச்சதும் அத்தாவுக்கு போன் பண்ணச் சொல்லு. மூச்சு முட்டுறப்ப இன்னா பண்ணணும்னு டாக்டரம்மா அவளுக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. நானும் அதைக் கேட்டுக்கணும்.

உன்
யாசின்