கங்காணி நோட்டில் பதினேழு பேர்

பிப்ரவரி 11, செவ்வாய்

ராஜகிரியில் இன்று கூட்டம் குறைவு. இரண்டு குடும்பங்களுக்குத்தான் கோட்டையைச் சுற்றிக் காட்டினேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு என்னை விட்டுவிட்டது, ஆனாலும் செஞ்சிக் கோட்டையைச் சொல்வதில் என்னை அடிக்க இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. புத்தகத்தில் இருப்பதைப் புத்தகமே சொல்லிவிடும். அதில் இல்லாததைச் சொல்லத்தான் இந்த விநாயகம் வேண்டும்.

டீக்கடையில் ஒரு பெண் நான் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பெயர் அனு. சென்னை. ஆவணப்படம் எடுக்கிறவளாம். யுத்தக் காலத்தில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட்டான் அல்லவா, மலேயா தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை ஆயிரம் ஆயிரமாகப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டில் சாகடித்தானே, அதைப் பற்றிய படம். வெள்ளைக்கார சிப்பாய்களுக்குக் கல்லறை இருக்கிறது, பேர் இருக்கிறது. நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் இல்லை என்றாள். இந்தப் பக்கத்திலிருந்து போனவர்களின் குடும்பங்களைத் தேடுகிறாளாம்.

"எங்க தாத்தாவே அந்த ரயில் பாதையில கட்டை சுமந்தவருதாம்மா" என்றேன்.

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டாள். கதையால் அவளை நன்றாகத்தான் பிடித்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

கோட்டைக்குள் கல்யாண மகால் எதிரில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் எடுத்தார்கள். காலரில் சின்ன மைக். தாத்தா பச்சைமுத்து கட்டை சுமந்தது, காலரா வந்தது, நாற்பது நாள் காட்டில் நடந்து தப்பித்தது, நடுவில் புலி. புலி போன வருஷம்தான் கதைக்குள் வந்தது. ஒரு வடநாட்டுக் குடும்பத்துக்குச் சொல்லும்போது தானாக வந்தது, அப்புறம் போகவே இல்லை. சாகக் கிடந்த ஊர்க்காரன் ஒருவனைத் தாத்தா தன் கையாலேயே மூங்கில் புதருக்குப் பக்கத்தில் புதைத்தார் என்றும் சொன்னேன். அது இன்றைக்குத்தான் வந்தது.

அந்த இடத்தில் கேமராக்காரப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இரண்டு மணி நேரத்தில் ஒரு டேக் கூட வீணாகவில்லை.

பிப்ரவரி 14

தொண்டை கட்டிவிட்டது. பேசாமல் ஒரு நாள் இருப்பது எவ்வளவு கஷ்டம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மேல்மலையனூர் போகும் வழியில் ஒரு வீட்டுக்கு அனு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அம்மாக்கண்ணு என்கிற அம்மா, எண்பத்தைந்து வயது, முதுகு வளையவில்லை. மகன் பீமாராவ் பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். அந்த அம்மாவின் நைனா, அதாவது அப்பா, ஆதிமூலம் பெண்டாட்டியோடு மலேயா போனவர். பெண்டாட்டி மீனம்பாள் பிரசவத்துக்கென்று நாற்பதில் தனியாக ஊருக்கு வந்தாள், இந்த அம்மா பிறந்தார். அப்புறம் யுத்தம். ஆதிமூலத்தைச் சயாம் காட்டுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று யாரோ வந்து சொன்னதோடு சரி. செத்தார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அதனால் மீனம்பாள் சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. சேதி வராமல் அவருக்குப் படைக்கக் கூடாது என்பது அவள் கட்டளை. இன்றைக்கும் அந்த வீட்டில் அமாவாசைக்கு மீனம்பாளுக்கு மட்டும் ஒரே படையல் இலை.

ஒவ்வொரு அமாவாசைக்கும் மீனம்பாள் செஞ்சி இருக்கும் திசையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றுவாளாம். புருஷனை மலேயாத் தோட்டத்துக்கு ஆள் கட்டிக் கொண்டுபோன செஞ்சிக் கங்காணிக்கு விட்ட சாபம். அவன் பேரைக் கடைசிவரை வாயால் சொல்லவில்லையாம், சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று.

ஒரு கடிதம் இருக்கிறது, பிளாஸ்டிக் உறையில். ஆதிமூலம் கடைசியாக யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியது. "பிறந்தது ஆணா பெண்ணா, என்ன பேர் வைத்தாய், எழுது." பதில் போட்டார்கள். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

அனு என் கதையை ஏற்கெனவே அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க தாத்தா பொதைச்சது எங்க நைனாதானா தம்பி?"

நான் என்ன செய்வது? எண்பத்தைந்து வருஷம் காத்திருந்த முகம்.

"ஆமாம்மா. ஆதிமூலம்னுதான் சொல்லுவாரு."

"எம்பேரு அவருக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா. கடைசியா அதத்தான் சொன்னாராம். அம்மாக்கண்ணுன்னு ரெண்டு தரம் கூப்ட்டாராம்."

அந்த அம்மா அழவில்லை. புடவைத் தலைப்பை எடுத்து என் முகத்தைத் துடைத்தார், வேர்த்திருந்தது.

ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 27, வியாழன். மாசி அமாவாசை

பஸ்ஸெல்லாம் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு மேல்மலையனூர் போகும் கூட்டம். அந்த வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன்.

சுவரோரம் இரண்டு இலை. முதல் முறையாக இரண்டு. ஒன்றில் மீனம்பாளின் போட்டோ. இன்னொன்றில் போட்டோ இல்லை, கடிதத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவர் மலேயாவில் என்ன சாப்பிட்டிருப்பார் என்று என்னைக் கேட்டுக் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார் அந்த அம்மா. கருவாடு என்று போனில் சொன்னது நான்தான். ஏன் சொன்னேன்? வாயில் வந்தது.

சாப்பிட முடியவில்லை. வயிறு சரியில்லை என்றேன். அது மட்டும்தான் அங்கே நான் சொன்ன உண்மை.

மார்ச் 2, ஞாயிறு

லாட்ஜ் ரூமில் அனு தன் லேப்டாப்பில் எனக்கு ஒரு படம் போட்டுக் காட்டினாள். எங்கேயோ குளிர் தேசம். ஒரு கிழவர் புல்வெளியில் நிற்கிறார். யுத்தக் காலத்தில் அங்கே யூதர்களை அடைத்துவைத்த ஒரு முகாம் இருந்ததாம், அவர் வீட்டில் எல்லாரையும் அங்கேதான் கொன்றார்களாம். தங்கச்சியைக் கடைசியாகப் பார்த்தபோது என்ன சொன்னாள் என்று கேட்கிறார்கள். அவர் வாயைத் திறக்கிறார். மூடிக்கொள்கிறார். புல் ஆடுகிறது. அவ்வளவுதான், முழு ஒரு நிமிஷம்.

இதை ஏன் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள், நானாக இருந்தால் நாலு வார்த்தை சேர்த்திருப்பேனே என்றேன்.

"அவருக்கு ஞாபகம் இல்ல அங்கிள். இல்லாதத அவர் சொல்லல. அதனாலதான் அவர் சொன்ன மத்ததெல்லாம் நம்ப முடியுது" என்றாள். அப்புறம், திரையைப் பார்த்துக்கொண்டே: "உங்க அப்பா பிறந்தது எந்த வருஷம் அங்கிள்?"

நாற்பது என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. என் நைனா செஞ்சியில் பிறந்தார். தாத்தா சயாமிலிருந்து தப்பித்து வந்தது நாற்பத்தைந்தில் என்று கேமராவுக்குச் சொல்லியிருக்கிறேன், முப்பத்தேழில் போனவர் நடுவில் வரவேயில்லை என்றும். அப்புறம் நாற்பதில் நைனா எப்படிப் பிறந்தார்?

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 5, புதன்

அவலூர்பேட்டைக்குப் போனேன், என் அக்கா செல்லம்மாள் வீட்டுக்கு. தாத்தாவின் இரும்புப் பெட்டி அவளிடம்தான் இருக்கிறது. எதற்கு என்றாள். படத்துக்கு என்றேன்.

"எந்தப் படத்துக்குடா? தாத்தா யுத்தத்துக்கு முந்தியே கப்பலேறி வந்துட்டாரு. கட்டை சொமந்தாரா அவரு? ஆள் கட்டிட்டுப் போனவரு. கோட்டு போட்ட போட்டோவ நீ பாத்ததே இல்லியா?"

பார்த்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்து. கையில் பிரம்பு, தலையில் தொப்பி. கட்டை சுமந்தவனுக்குக் கோட்டு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லையா? கேட்டேன். கேட்டுவிட்டு அதற்கு மேல் ஒரு கதையைப் போட்டு மூடினேன்.

பெட்டியில் ஒரு நோட்டு. தாத்தாவின் கையெழுத்து. பதினேழு பேர், வரிசை எண் போட்டு. பேர், வயது, ஊர், அங்க அடையாளம். ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டைவிரல் ரேகை.

ஒன்பதாவது — ஆதிமூலம்.

மார்ச் 6

செஞ்சிக் கங்காணி.

அந்த அம்மா புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார்.

மீனம்பாள் தூற்றிய மண் — எத்தனை அமாவாசை — எங்கள் வீடு இருக்கும் பக்கம்தான். இந்த வீட்டு வாசலில்தான் நான் உட்கார்ந்து கதை அளந்து வளர்ந்தேன். நோட்டை எரித்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகுது? அக்கா சொல்ல மாட்டா. அந்த அம்மாவும் நிம்மதியா இருக்குது. இருக்கட்டுமே. எதுக்குக் கெடுக்கணும்? ஆனா அந்த எலை. அது நான் போட்ட எலைதானே.

எரிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

போய்ச் சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

அந்த அம்மா முற்றத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். பீமாராவ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

"அம்மா, எங்க தாத்தா அந்த ரயில் பாதைய பாக்கவே இல்ல. யுத்தத்துக்கு முந்தியே திரும்பிட்டாரு. உங்க நைனாவ அவரு பொதைக்கல. உங்க பேர சொல்லிக் கூப்ட்டார்னு சொன்னது நானா சொன்னது."

அந்த அம்மாவின் கை நிற்கவில்லை. தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம்.

"வேற?"

"செஞ்சிக் கங்காணி எங்க தாத்தாதாம்மா."

அப்போது கை நின்றது.

பீமாராவ் எழுந்து வந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்க ஆயா சாவற வரைக்கும் தாலி கழட்டல. அது கழுத்துல கெடந்தது உங்களுக்குக் கதையா?" என்றார், சத்தம் போடாமல். நான் பையிலிருந்து தாத்தாவின் நோட்டை எடுத்து, அவர் கூட்டிப்போன ஆட்களின் பேரெல்லாம் இதில் இருக்கிறது என்றேன்.

அந்த அம்மா மடியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "அந்தாளு நோட்டுல எங்க நைனா இருக்குதா?"

"இருக்கார்மா."

"படி."

படித்தேன். "ஒன்பது. ஆதிமூலம். வயது இருபத்திரண்டு. வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு."

"தழும்பா?" என்றார். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். இன்னொரு தரம். அவர் வலது கை மெதுவாக மேலே போய்த் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்தது. மீனம்பாள் இதை ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. தினம் பார்த்த முகத்தில் இதெல்லாம் சொல்லத் தோன்றாதோ என்னவோ. எண்பத்தைந்து வயதில் அவர் நைனாவுக்கு இன்றுதான் ஒரு முகம் வந்தது, ஒரு புருவ அளவுக்கு.

நோட்டை நீட்டி அந்தக் கட்டைவிரல் ரேகையைக் காட்டினேன். அதன் மேல் தன் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

பிறகு சொன்னார்: "இது உண்மதானே?"

"உண்மதாம்மா."

"செரி, நீ போ. இனிமே அமாவாசைக்கு வராத."

மார்ச் 10

கோட்டைக்குப் போகவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அனுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. முதலில் எடுத்த இரண்டு மணி நேரத்தையும் படத்தில் சேர்க்கப் போவதில்லை என்றாள். புலியும் போயிற்று. கேமரா முன்னால் நோட்டைப் படிப்பீர்களா என்று கேட்டாள்.

இந்த முறை கல்யாண மகால் வேண்டாம், என் வீட்டு வாசலே போதும் என்றேன். கங்காணி கட்டிய வீடு. பதினேழு பேரையும் படித்தேன். பேர், வயது, ஊர், அடையாளம். இடது காதில் மச்சம். முழங்காலில் தீக்காயம். ஒருவனுக்கு வயது பதினாறு. அந்த இடத்தில் ஏதாவது சொல்ல வேண்டும்போல் வாய் துடித்தது. சொல்லவில்லை.

இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அனு கேட்டாள்.

"எனக்குத் தெரியாது. கூட்டிட்டுப் போனது எங்க தாத்தா."

ஜூலை 12, சனி

செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியப் பட்டம். ஊரே வெடி வெடிக்கிறது. இது வரும் என்று போன வருஷமே சொன்னேன். இல்லை, சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஊர்க் கல்யாண மண்டபத்தில் அனுவின் படத்தைப் போட்டார்கள். ஒரு மணி பத்து நிமிஷம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

திரையில் நான் வந்ததும் என் தெரு ஆட்கள் விசில் அடித்தார்கள். நாலாவது பேர் படிக்கும்போது விசில் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அம்மாக்கண்ணு அம்மா. நானில்லாதபோது எடுத்தது. வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், மடியில் அந்தக் கடிதம். அனு எதுவும் கேட்கவில்லை. மண்டபத்தில் ஃபேன் சத்தம் கேட்டது. அப்புறம் கேமராவைப் பார்க்காமல், அதற்கு அப்பால் எங்கேயோ பார்த்து, ஒரு ஆளுக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னார்:

"பொட்டப்புள்ள நைனா. பேரு அம்மாக்கண்ணு."

அதோடு படம் முடிந்தது.

வாசலில் இரண்டு பேர் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். ஒருவர் நாலாவது பேரின் பேரன். இன்னொருவருடைய பாட்டனார் பன்னிரண்டாவது. நோட்டைக் காட்டச் சொன்னார்கள். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். தீக்காயம் என்று எழுதியிருந்த இடத்தை இரண்டாமவர் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 17

இன்னும் பதினாலு குடும்பம். முதலில் ஒன்று, ஏழு, பதினைந்து. இந்த மூன்று குடும்பங்களையும் கண்டுபிடிக்க வேண்டும். பதினைந்தாவது ஆளின் ஊர் சீயமங்கலம் என்று இருக்கிறது. நாளைக்குப் போகிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு. புரட்டாசி அமாவாசை

உச்சி வேளையில் மேல்மலையனூர் ரோட்டில் வண்டியில் போனேன். அந்த வீட்டுக் கதவு திறந்திருந்தது. நான் நிற்கவில்லை, மெதுவாகத்தான் போனேன். சுவரோரம் இரண்டு இலை. கருவாடு இருந்ததா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. இரண்டாவது இலைக்கு மேலே ஏதோ காகிதம், நோட்டின் ஜெராக்ஸாக இருக்கலாம். பீமாராவ் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை.

அங்கிருந்து நாலாவது பேரின் பேரன் வீட்டுப் பக்கம் போனேன், அப்புறம் பன்னிரண்டாவது. இரண்டு இடத்திலும் படைத்திருந்தார்கள். சீயமங்கலத்தில் யாரும் கிடைக்கவில்லை.

முன்பென்றால் பதினேழு வீட்டிலும் இலை போட்டார்கள் என்று எழுதியிருப்பேன்.

நான் பார்த்தது மூன்று.