நெருப்பில் இருந்த தண்ணீர்

என் ஆசை அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் பாடாங் செராய் வீட்டில் உனக்குப் படையல் போட்டோம். உன் வீட்டுக்காரர், என் மாமா, கெம்போங் மீனைத் தன் கையாலேயே பொரித்து வைத்தார். கொஞ்சம் கருகிவிட்டது. பொறுத்துக்கொண்டாயா?

இனிச் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியவில்லை. அந்தத் தண்ணீர் சமாச்சாரம்தான்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சொன்னேனே, வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம் என்று. அது நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும்போது, ஒளியில் கொஞ்சம் அதன் காற்றுக்குள் புகுந்து வரும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஒவ்வொரு வாயுவும் தனக்கான பங்கை விழுங்கிவிடும். விண்வெளித் தொலைநோக்கி அனுப்புவதில் எது குறைகிறது என்று பார்த்து, அங்கே என்ன இருக்கிறதென்று கணிப்பதுதான் பினாங்கில் என் வேலை. நீராவி விழுங்கும் இடத்தில் அன்று சரியாகக் குறைந்திருந்தது. "தண்ணியா இருக்கலாம்க்கா, இன்னும் உறுதியில்ல" என்றேன்.

உனக்கு முதல் பாதி போதுமாயிருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், ஊசி போட வந்த மிஸ்ஸியிடம்கூட, "எந்தங்கச்சி வேற உலகத்துல தண்ணி கண்டுபிடிச்சிட்டா" என்றாய். குரலே எழும்பாத நாட்களில் அதைச் சொல்ல மட்டும் எங்கிருந்து தெம்பு வந்தது?

அக்கா, அது கிரகத்துத் தண்ணீர் இல்லை போலிருக்கிறது. அந்த நட்சத்திரம் நம் சூரியனைவிடக் குளிர்ந்தது. அதன் மேலுள்ள கரும்புள்ளிகள் இன்னும் குளிர்ந்தவை. அவற்றிலேயே நீராவி உண்டு. அதை நாங்கள் கிரகத்தின் கணக்கில் எழுதிவிட்டோம். புள்ளிகளையும் சேர்த்து மறுபடி பார்த்தபோது, அந்தக் கிரகத்துக்குக் காற்று இருக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

படையல் முடிந்து இலை போட்டதும் பக்கத்து வீட்டு லெட்சுமியக்கா கேட்டார். "என்னா பாப்பா, ஒன் தண்ணிய எப்ப பேப்பர்ல போடுவாங்க?"

சிரித்து மழுப்பியிருக்கலாம். உன் படத்துக்கு முன்னால் முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"நட்சத்திரத்துலயா? நெருப்புல தண்ணியா? போ லா!"

"ஆவியா இருக்குக்கா. நெசமாத்தான்."

"அது என்னாவோ இருக்கட்டும். செத்தவ ஊரெல்லாம் சொல்லிட்டுப் போன பேச்ச, அவ படையல் அன்னிக்குத்தான் பொய்யாக்குவியா?"

பிசைந்த சோற்றை இலையிலேயே ஒதுக்கிவைத்தேன். உன் கடைசி சந்தோஷத்தை நானே பிடுங்கிவிட்டேனா?

ரசம் ஊற்றிக்கொண்டு வந்த மாமாதான் பேசினார். "அவ என்னா, டெலஸ்கோப்லயா பாத்தா? தங்கச்சி மூஞ்சியப் பாத்தா. அது பளிச்சுனு இருந்துச்சு, சொன்னா. அதுல என்னா பொய்யி? கைய ஏந்து லெட்சுமி, ரசம் ஆறிப்போச்சுன்னா அதுக்கும் சண்டைக்கு வருவ."

லெட்சுமியக்காவே சிரித்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது. உன் சாவன்றுகூட அப்படி அழவில்லை.

அந்தக் கிரகத்தை மறுபடி பார்க்கப்போகிறோம் அக்கா, இந்த முறை அது நட்சத்திரத்துக்குப் பின்னால் போய் மறையும் நேரத்தில். மறையும்போது எவ்வளவு வெப்பம் குறைகிறதோ, அவ்வளவும் கிரகத்தினுடையது. புள்ளிகளால் அவ்வளவு எளிதாக ஏமாற்ற முடியாது. மாணவர்களுக்கு இதை விளக்கச் சிரமப்படுகிறேன். உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே குறைந்திருப்பதெல்லாம் நீதான் என்று புரிய எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படுவதில்லை.

வெறும் பாறை என்று வந்தாலும் வரும். அப்படி வந்தால் அதையும் இதே வீட்டில் உட்கார்ந்து, நீ சொன்ன ஆட்களிடமெல்லாம் நானே சொல்வேன். தண்ணீர் என்று வந்தால், லெட்சுமியக்கா கதவைத்தான் முதலில் தட்டுவேன். இது சத்தியம்.

உன் மூஞ்சியையே பார்த்து வளர்ந்த
தங்கச்சி,
செல்வி