வெள்ளைக் கோடு நகரவில்லை

ஏப்ரல் 9

துப்பாக்கி வாங்கியாயிற்று. அரைத் தானியங்கி, கறுப்பு, கடையில் இருந்ததிலேயே எளிமையானது. வேண்டுமென்றுதான் அதை எடுத்தேன், மிச்சத்தை நானே செய்துகொள்வேன். எண்பது மீட்டர் உயரத்தில் காற்றாலையின் தலைக்குள் குனிந்து போல்ட் முறுக்குகிறவனுக்கு இதெல்லாம் பொம்மை வேலை.

மனைவி சிக்ரிட் அதைக் கையில் வாங்கினாள். குண்டு இல்லை என்று பார்த்துவிட்டுத் தோளில் வைத்தாள், இறக்கினாள். "முதல்ல இப்படியே சுட்டுப் பழகு. என்ன குறையுதுன்னு அதுவே சொல்லும்" என்றாள்.

எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவளுக்கு நேரம் கிடையாது. ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிட்டன. இந்த வாரம் மட்டும் கயோட்டி, இந்தப் பக்கத்துச் சின்ன ஓநாய், மூன்று குட்டிகளைத் தூக்கியிருக்கிறது.

இந்த வருடம்தான் அவள் அண்ணன் ஹால்வரின் மந்தையிலிருந்து நாற்பது தாயாடுகளைப் பிரித்துத் தனியாக ஓடைப் பக்கம் மேய்க்கிறாள். அண்ணன் ஆடுகளுக்கு முதுகில் சிவப்புச் சாயம், இவளுடையதற்குப் பச்சை. ஜூனில் குட்டிகளுக்கு வால் நறுக்கும் நாளில் ஐம்பது குட்டி நிற்க வேண்டும். குறைந்தால் நாற்பது தாயாடும் மறுபடி சிவப்புக்குப் போகும், இவள் மறுபடி டக்ளஸ் ஊரில் பல் மருத்துவரின் முன்மேசைக்குப் போவாள். இரண்டு பேரும் கைகுலுக்கி ஒத்துக்கொண்ட பேச்சு.

போக விடமாட்டேன். அதற்குத்தான் இது.

ஏப்ரல் 10

முதலில் தூரத்தைக் கிட்டே காட்டும் ஸ்கோப். பிறகு தோள்வார். பிறகு இலேசான விசை. குண்டேற்ற, கையுறை போட்ட கையால் இழுக்கத் தோதான பெரிய பின்கொண்டி. டார்ச் வேண்டாம், கயோட்டிகள் விடிந்த பிறகுதான் வருகின்றன. அலங்காரம் எதுவும் வேண்டாம்.

ஸ்கோப்புக்கு ஒரே துண்டாக வரும் தாங்கிதான் சரி என்றார் கடைக்காரர். கையிருப்பில் இல்லை, பத்து நாள் ஆகுமாம். என் பழைய மான் துப்பாக்கியின் இரண்டு எஃகு வளையங்கள் பெட்டியில் சும்மா கிடக்கின்றன. பத்து நாள் எதற்கு?

ஏப்ரல் 11

மாட்டியாயிற்று. என் கழுத்து நீளம். தோள்கட்டையை முழுக்க இழுத்து வைத்தால்தான் எனக்குச் சரிவரும், அப்போது கண்ணாடிக்குள் வட்டம் முழுதாகத் தெரிய ஸ்கோப் நன்றாக முன்னால் போக வேண்டும். பின்வளையம் துப்பாக்கியின் உடல் மேல், முன்வளையம் இடது கை பிடிக்கும் முன்பிடி மேல். வளையங்களை மாட்ட மேலே ஓடும் தண்டவாளம் ஒரே நேர்கோடுதான். உடல் எங்கே முடிகிறது, முன்பிடி எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளம் ஒரு மயிரிழை இடைவெளி மட்டும்.

ஒவ்வொரு திருகையும் முறுக்குவிசை பார்த்து இறுக்கினேன். வேலையில் செய்வது போலவே திருகின் தலையிலிருந்து உலோகத்தின் மேல் வெள்ளை மையில் ஒரு கோடு. திருகு இம்மி இளகினாலும் கோடு உடைந்துவிடும்.

ஏப்ரல் 12

மணல்மூட்டை மேல் வைத்து நூறு கஜத்தில் சுட்டேன். மூன்று ஓட்டைகளையும் ஒரு கால் டாலர் காசால் மூட முடிந்தது. சிக்ரிட்டிடம் காட்டினேன். "காகிதம் ஓடாதுல்ல" என்றாள்.

ஏப்ரல் 14

தோள்வார், விசை, பின்கொண்டி மூன்றும் ஒரே மாலையில். விசை இப்போது கண்ணாடி உடைகிற மாதிரி நறுக்கென்று விழுகிறது. அருமை.

ஏப்ரல் 19

தவறவிட்டேன். நூற்றைம்பது கஜம் இருக்கும். வேலைக்குக் கிளம்புமுன் ஓடை மேட்டில் உட்கார்ந்திருந்தேன். வாரை இடது கையில் சுற்றி இறுக்கி, முட்டி மேல் முழங்கையை ஊன்றி, மூச்சை விட்டுச் சுட்டேன். கயோட்டியின் முதுகுக்கு மேலே, கொஞ்சம் வலப்பக்கம், புழுதி எழும்பியது. அது என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போயிற்று.

காற்றைக் குறை சொல்ல மாட்டேன். காற்றில் சம்பளம் வாங்குகிறவன் நான்.

ஏப்ரல் 20

இரண்டு குட்டி போய்விட்டன. அதே மேடு.

ஏப்ரல் 25

வேறு குண்டு வாங்கிப் போட்டேன். மறுபடி தவறியது. மறுபடி மேலே, வலப்பக்கம்.

ஏப்ரல் 27

ஹால்வர் வீட்டில் மதியச் சாப்பாடு. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். "ஏன் மாப்ளே, அந்தத் துப்பாக்கிக்கு இன்னும் என்னென்ன மாட்டணும்? கடைசில குட்டிய அதுவே மேய்ச்சுக் கூட்டிட்டு வந்துருமா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. துப்பாக்கியில் குறை ஒன்றுமில்லை, மேய்ச்சல் இடம்தான் தப்பு என்றேன். ஓடையோரம் முழுக்க வில்லோ புதர், கயோட்டி அதற்குள் நுழைந்து நுழைந்து வருகிறது, அங்கே யாராலும் சுட முடியாது என்று அடுக்கினேன்.

ஹால்வர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அதத்தானே நான் மார்ச்லேர்ந்து சொல்றேன். இப்ப உன் புருஷனே சொல்றான் பாரு, சிக்ரிட்."

சாப்பிட்டுத் திரும்பினோம். வண்டியை அவள்தான் ஓட்டினாள். வாசலில் நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "அந்த இடத்தைப் பத்தி இதுக்கு முன்னாடி நீ ஒருநாளும் ஒண்ணும் சொன்னதில்ல."

நான் சொன்னது பொய்யில்லை. புதர் இருக்கிறது.

பொய்யா?

ஏப்ரல் 30

கடைசித் தாயாடும் ஈன்றுவிட்டது. உயிரோடு ஐம்பத்து மூன்று. இனி மூன்றுக்கு மேல் இழக்க முடியாது.

மணல்மூட்டை மேல் வைத்து மறுபடி சோதித்தேன். மறுபடி ஒரே காசு. வெள்ளைக் கோடு ஒன்றுகூட நகரவில்லை. அப்படியானால் துப்பாக்கி சரி. குண்டு சரி. நான் பதினைந்து வருடமாக மான் சுடுகிறவன், நானும் சரி.

பிறகு எதுதான் சரியில்லை?

மே 2

சனிக்கிழமை. வேலிக் கம்பத்தில் தகரத்தைத் தொங்கவிட்டு, நூற்றைம்பது கஜத்திலிருந்து வாரை இறுக்கி, முட்டி மேல் முழங்கை ஊன்றிச் சுட்டேன். ஐந்தில் ஒன்று. சிக்ரிட் வந்தாள். வாரைக் கழற்றித் தரையில் போட்டாள் (அவளுக்கு அது எப்போதும் இடைஞ்சல்), என் கோட்டைச் சுருட்டி வண்டியின் முன்மூடி மேல் வைத்து ஐந்து சுட்டாள். ஐந்தும் தகரத்தில்.

வண்டி மேல் வைத்தால் யார்தான் அடிக்க மாட்டார்கள் என்றேன். உடனே அவளும் என்னைப் போலவே உட்கார்ந்தாள். வார் இல்லாமல் ஐந்தில் நான்கு.

கோபம் வந்தது. மறைத்து என்ன? அவளுக்குத் துப்பாக்கி பிடிக்கவே பிடிக்காது.

"நீ வாரைச் சுத்தி முறுக்கிக் கட்டிக்கிட்டுச் சுடுற. நான் சும்மா சுடுறேன். நான் பாத்தவரைக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள்.

வார் கையை நிலைப்படுத்தத்தான் இருக்கிறது, அதனால் எப்படித் தவறும் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே புட்டிப்பால் குட்டிகள் கத்துகின்றன என்று போய்விட்டாள்.

மே 3

கண்டுபிடித்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

துப்பாக்கியைக் காலி செய்து, உடலைப் பட்டறை மேசை இடுக்கியில் கவ்வ வைத்தேன். ஸ்கோப் வழியே தூரத்து வேலிக் கம்பத்தின் உச்சியில் குறுக்குக்கோட்டைப் பொருத்தினேன். பிறகு வாரைப் பிடித்து, சுடும்போது இழுக்கிற அளவுக்கு இழுத்தேன். குறுக்குக்கோடு கம்பத்தை விட்டுக் கீழே, இடப்பக்கம் இறங்கியது. விட்டேன், திரும்பி வந்தது. இழுத்தேன், இறங்கியது. பத்துத் தடவை.

குழல் அசையவில்லை. முன்பிடி குழலைத் தொடாமல் தனியாக நிற்கும்படிதான் செய்கிறார்கள், கை அழுத்தினால் அது மட்டும் வளைந்து கொடுக்கட்டும் என்று. நான் அதன் மேல்தான் ஸ்கோப்பின் முன்காலை நிறுத்தி வைத்திருக்கிறேன். பின்கால் உடல் மேல். வாரை இழுத்தால் முன்பிடி வளைகிறது, ஸ்கோப்பும் தலை குனிகிறது. குனிந்த ஸ்கோப்பைக் கயோட்டி மேல் வைத்தால் குழல் அதற்கு மேலே பார்க்கும்.

இறுக்கம் சரி, கோடு சரி. இறுக்கிய இடம் தப்பு.

காற்றாலையில் திரும்புகிற தலையையும் நிற்கிற கோபுரத்தையும் ஒரே தகட்டால் எவனாவது இணைத்திருந்தால் அவனை நானே அன்றைக்கே கீழே அனுப்பியிருப்பேன். பத்து நாள் பொறுத்திருந்தால் இந்தப் புழுதியே எழும்பியிருக்காது.

மே 4

தாங்கிக்குச் சொல்லியாயிற்று, ஒன்பது நாளாகும். அதுவரை இரண்டு வளையங்களையும் உடல் மேலேயே வைத்தேன். ஸ்கோப் பின்னால் வந்துவிட்டது. தலையை ஆமை மாதிரி இழுத்துக்கொண்டாலொழிய எனக்கு வட்டம் முழுதாகத் தெரியாது.

தோள்கட்டையை இரண்டு படி உள்ளே தள்ளி சிக்ரிட்டிடம் கொடுத்தேன். கன்னத்தை வைத்தாள். "இப்பதான் இது எனக்குத் துப்பாக்கி மாதிரி இருக்கு" என்றாள். வாரையும் அவள் அளவுக்குக் குறைத்துக் கொடுத்தேன். இழுத்துச் சுட்டாள், இழுக்காமல் சுட்டாள், இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தன.

வெள்ளை மை பேனாவிலேயே காய்ந்துவிட்டது. கோடு போடவில்லை.

மே 5

ஒரு குட்டி போயிற்று. ஐம்பத்திரண்டு.

மே 6

சிக்ரிட் ஓடை மேட்டில். ஒரே குண்டு. நான் அப்போது எண்பது மீட்டர் உயரத்தில் இருந்தேன், படம் அனுப்பினாள்.

யோசித்தால், விடியலில் அந்த மேட்டில் தினமும் நிற்கிறவள் அவள்தான். நான் அவளுக்காகத்தான் வாங்கினேன், ஆனால் எல்லாவற்றையும் என் கழுத்துக்கு அளந்து மாட்டியிருக்கிறேன்.

மே 9

ஹால்வரைப் பார்க்கப் போனேன். சுற்றி வளைக்கவில்லை. ஓடையில் ஒன்றுமில்லை மச்சான், அன்றைக்கு நான் சொன்னது சால்ஜாப்பு, தப்பு என் கையில் என்றேன். தீவனச் சாக்கின் மேல் பென்சிலால் படம் போட்டே காட்டினேன்.

சாக்கைத் தன் பக்கம் திருப்பினார். "அப்ப வார் இழுக்குறப்பெல்லாம் கண்ணு ஒருபக்கம், குண்டு ஒருபக்கம்."

ஆமாம்.

"இத அவகிட்ட சொல்லிட்டியா?"

முதலில் கண்டுபிடித்ததே அவள்தான் என்றேன். அதற்குத்தான் சிரித்தார். ஓடை பற்றி அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மே 13

தாங்கி வந்துவிட்டது. பெட்டியைப் பட்டறை அலமாரியில் வைத்தேன். பிரிக்கவில்லை.

மே 21

இன்னொரு கயோட்டி. அவள்தான். வில்லோ புதரிலிருந்து வெளியே வருகிற இடத்திலேயே.

ஜூன் 7

வால் நறுக்கினோம். போன வாரம் ஒன்று வயிறு உப்பிச் செத்தது. மிச்சம் ஐம்பத்தொன்று. ஹால்வர் இரண்டு தடவை எண்ணினார், இரண்டாம் தடவை என்னையும் சேர்ந்து எண்ணச் சொன்னார். அவர் வண்டியின் பின்னால் சிவப்புச் சாய டப்பா இருந்தது. அதை அவர் இறக்கவில்லை. பச்சையை எடுத்து அவரே கலக்கி, தங்கையிடம் நீட்டினார். ஒவ்வொரு குட்டிக்கும் அவள்தான் அடித்தாள்.

சாயங்காலம் தாங்கியைப் பிரிக்காமலே கடைக்குத் திருப்பி அனுப்பினேன். பிறகு துப்பாக்கியைத் துடைக்க எடுத்தேன். வளையத் திருகுகள் நான்கின் மேலும் கோடு போட்டிருக்கிறது, தலையிலிருந்து உலோகம் வரை நேராக. என் கோடுகளை விட நேராக.

பச்சையில்.