பத்துக்கு எத்தனை வலி

ஆஸ்பத்திரி முழுக்கப் பெயிண்ட் வாசனை. தரச்சான்றைப் புதுப்பிக்க அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருகிறது, அதனால் சுவர்களுக்கெல்லாம் திடீர் யோகம். இந்த வாசனை மூக்கில் ஏறினாலே எனக்கு உன் ஞாபகம்தான். நீ கடைசியாக நம் வார்டில் படுத்திருந்தபோதும் இப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஒரு மகராசி, பெயிண்ட் அடிக்கிற வார்டில் உன்னைப் படுக்க வைத்தேன்.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நாம் நர்ஸாகச் சேர்ந்தபோது தரச்சான்று என்ற பேச்சே கிடையாது. பிறகு அதற்கு விண்ணப்பித்தார்கள், என் தலையில் அந்தப் பொறுப்பைக் கட்டினார்கள். கை கழுவும் முறை, ஊசி மருந்தை இரண்டு பேராகச் சரிபார்ப்பது என்று ஒவ்வொரு விதியாக வந்தது. நான் முனகிக்கொண்டே விளக்கினேன், நீ வார்டில் நடத்திக் காட்டினாய். "அவங்க சர்டிபிகேட்டுக்காக செய்யட்டும்டி, நமக்கென்ன? பேஷன்ட்டுக்கு நல்லதுதானே" என்பாய்.

ஒவ்வொரு நோயாளியிடமும் வலி எவ்வளவு, பத்துக்குள் ஒரு நம்பர் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும் என்றபோதுதான் நமக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் ஜனங்கள் எங்கே நம்பர் சொல்வார்கள்? எதைக் கேட்டாலும் 'பரவாயில்ல சிஸ்டர்'தான். கால் முறிந்து கிடந்த இரும்புலியூர்ப் பெரியவர் உன்மேல் எகிறினாரே, ஞாபகம் இருக்கிறதா? "இன்னாம்மா, மார்க் போட்டுகினு கீறே? வலிக்குது, அவ்ளோதான்!" நீ விடாமல் கெஞ்சி, கொஞ்சி, அவரிடமிருந்து ஒரு நம்பரை வாங்கிவிட்டாய். வெளியே வந்து என்னிடம், "பரவாயில்லன்னா நம்பிடாதடி. நமக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு சொல்றாங்க" என்றாய்.

புற்றுநோய் உன் முதுகெலும்புக்குப் பரவிய பிறகு, ஊரப்பாக்கத்து வீட்டிலிருந்து உன்னை இங்கேயே கொண்டுவந்தார்கள். "வேற எங்கயும் வேணாம், அவ பாத்துப்பா" என்று நீ பிடிவாதம் பிடித்ததாக உன் வீட்டுக்காரர் சொன்னார்.

பார்த்தேனே, நன்றாகப் பார்த்தேன்! முதல் ஆய்வு நெருங்கிவிட்டது. ஃபைலும் கையுமாக ஓடுகிறபோது உன் அறை வாசலில் தலையை நீட்டி, "எப்படிடி இருக்கே?" என்பேன்.

"பரவாயில்லடி. நீ போய் வேலையப் பாரு."

நானும் பக்கத்திலிருக்கும் நர்ஸிடம், "வலி ரெண்டுன்னு போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். அதை நம்பி டாக்டரும் உன் மருந்தைக் கூட்டவில்லை.

ஆய்வுக்கு வந்த குழுவில் ஓர் அம்மா. முன்பின் தெரியாதவர். உன் கட்டிலருகே நின்று, போர்வையை இறுக்கிப் பிடித்திருந்த உன் கையைப் பார்த்தார். "உண்மையச் சொல்லுங்கம்மா, எவ்ளோ வலிக்குது?" நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். அப்புறம் அவரிடம், "ஒன்பது" என்றாய்.

அன்றைக்கே மருந்தை மாற்றினார்கள். சாயங்காலம் நீ கால் நீட்டித் தூங்கியதைப் பார்த்து உன் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நீ போகும்வரை அந்தத் தூக்கம் உனக்குக் கிடைத்தது, அந்தப் புண்ணியவதியால்.

குழு அதைக் குறையாக எழுதிவிட்டுப் போனது. திருத்தினோம், சான்று கிடைத்தது. இன்று இங்கே எந்த நர்ஸும் வாசலில் நின்றபடி வலியைக் கேட்பதில்லை. அதற்காக எனக்குப் பாராட்டு வேறு. உடம்பு கூசுகிறது.

உன் வலியைக் கவனிக்காமல் விட்டதைக்கூட, வேலை மும்முரம் என்று சொல்லி ஒருநாள் மன்னித்துக்கொள்வேனோ என்னவோ. ஆனால் அந்த அம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் உன் காதருகே குனிந்து ஒன்று கேட்டேனே, அதை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்? 'இவ்வளவு வலியா இருந்துச்சாடி' என்று கேட்கவில்லை. "ஏன்டி அவங்ககிட்ட போய்ச் சொன்னே?" என்றேன்.

நீ கோபப்பட்டிருக்கலாம். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"ஸாரிடி," என்றாய். "தாங்க முடியல."

நீ என்னிடம் கேட்ட அந்த மன்னிப்போடுதான் தினமும் வார்டு வார்டாகப் போய்வருகிறேன்.