ஆடி 32

1961 ஓகஸ்ட் 19

அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில் நெருப்புக் காய்ச்சல் — டைபோயிட். எந்தக் கிணற்றிலிருந்து தொடங்கியதென்று கட்டத்தாளில் படம் கீறித் தரவேண்டும் என்பது டொக்டர் ஐயாவின் கட்டளை. கடற்கரைத் தெருவில் யாருக்கு எப்போது காய்ச்சல் கண்டதென்று, மாதா கோயில் பதிவேடு எழுதும் சிமியோன் எழுதி அனுப்பியிருக்கிறார். வயல்கரைக்கு ஊர்த் தலைமைக்காரர், விதானையார் மார்க்கண்டு. இருவரும் தமிழ் மாதங்களில். ஒருவர் திகதியை மாதத்துக்கு முன்னே எழுதுகிறார், மற்றவர் பின்னே — கண் வலிக்கிறது. ஆடி என்றால் ஜூலை, ஆவணி என்றால் ஓகஸ்ட். எங்கள் சுகாதாரக் கந்தோரில் எழுதுவதுபோல எல்லாவற்றையும் மாற்றினேன்.

விதானையாரின் தாளில் 'ஆடி 32' என்று ஒன்று! கிழவருக்குக் கண் மங்கிவிட்டது போலும். வெட்டி 31 ஆக்கினேன்.

ஓகஸ்ட் 21

வயல்கரைப் புள்ளிகள் ஜூலை 24இல் தொடங்குகின்றன. கடற்கரையில் ஓகஸ்ட் 2.

"வடிவாய்க் கீறியிருக்கிறீர். வயல்கரைக் கிணறுதான். பூட்டுவம்" என்றார் டொக்டர் ஐயா. இனி எல்லாரும் கடற்கரைக் கிணற்றில்தான் அள்ளவேண்டும். பெருமையாக இருந்தது.

ஓகஸ்ட் 23

வயல்கரையில் அக்கா வீட்டுக்குப் போனேன். "எங்கடை தண்ணியிலை என்னடா பிழை?" என்றாள். படத்தைப் பற்றிச் சொன்னேன். "நீ சொன்னால் சரிதான்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தாள்.

ஓகஸ்ட் 30

கிணறு மாறியவர்களுக்கும் காய்ச்சல். ஏன்?

செப்டெம்பர் 1

விதானையார் கந்தோருக்கு வந்தார். தன் தாளைக் கண்டதும், "ஏன் தம்பி உந்த 32ஐ வெட்டினீர்?"

"ஆடிக்கு எங்கை ஐயா முப்பத்திரண்டு?"

"இந்த வருசம் இருக்கு. பஞ்சாங்கத்தைப் பாரும். நான் உங்கடை கந்தோர் மாசம் எழுதேல்லை."

நான் ஜூலை 24 என்று குறித்த அவருடைய ஆடி 24, உண்மையில் ஓகஸ்ட் 8. சிமியோன் எழுதியதோ, கோயில் பதிவேட்டுப் பழக்கத்தில், எங்களைப்போலக் கந்தோர் மாதம்தான்; அவருடைய ஓகஸ்ட் 2 சரி. அப்படியென்றால் கடற்கரையில்தான் முதலில் வந்திருக்கிறது. அந்தக் கிணற்றுக்குத்தான் எல்லாரையும் அனுப்பியிருக்கிறேன். அக்காவையும்! ஜூலை பதினாறில் ஆடிப்பிறப்புக் கூழ் குடித்தவன் நான். எப்படி மறந்தேன்? ஐயோ, என்ன வேலை செய்துபோட்டன்!

டொக்டர் ஐயாவிடம் சொன்னேன். உடனே கடற்கரைக் கிணற்றைப் பூட்ட ஆள் அனுப்பினார்.

செப்டெம்பர் 6

அக்காவுக்குக் காய்ச்சல்.

செப்டெம்பர் 15

ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அத்தான் என் முகத்தைப் பார்ப்பதில்லை. "தண்ணி தாடா தம்பி" என்றாள். கொதித்தாறிய தண்ணீர்தான், ஆனாலும் கொடுக்கப் பயமாக இருந்தது. அவள் என்னைத் திட்டினால் என்ன?

ஒக்டோபர் 3

புதுப் படம் கீறுகிறேன். இறந்தவர்களைக் கறுப்பு மையில் குறிக்கவேண்டும்.

விதானையார் இம்முறை இறந்தவர்களின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு திகதி எழுதியிருக்கிறார். எனக்காகத்தான். கடைசிப் பெயர், நாகேஸ்வரி பஞ்சலிங்கம். புரட்டாதி 8. பக்கத்தில், செப்டெம்பர் 24.

அக்காவைச் சரியான கட்டத்தில் வைத்தேன்.