அம்மாவுக்குப் படிக்காத பக்கங்கள்

அக்கா,

படத்தில் உன் குடை கறுப்பாகத் தெரிந்தது. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான்.

நீ எழுதிய கதை பேசும்படமாகி, நம்ம ஊர் பிரிக்பீல்ட்ஸ் கொட்டகைக்கும் வந்துவிட்டது. "என் மக எழுதினது, நான் பாக்கணும்" என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். நான் தலைவலி என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். காரணத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நீ காய்ச்சலில் இறந்துபோன பிறகு, எழுத்தறியாத அம்மாவுக்கு உன் புத்தகத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். நான்காம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அந்தத் தடுமாற்றத்தைச் சாக்காக வைத்துப் பல பக்கங்களைத் தாண்டிவிட்டேன். கிள்ளானிலிருந்து இரண்டு மாதம் மட்டும் வேலைக்கு வந்த, ரயில் ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணி, வெயிலில் அவரோடு நீ ஒரே குடையில் நடந்தது, அவர் திரும்பிப் போன நாளில் அம்மா உன்னை அறையில் வைத்துப் பூட்டியது, எல்லாவற்றையும். மிஞ்சிய கதையில் ஒரு பெண் தையல் வகுப்புக்குப் போய் வந்தாள், அவ்வளவுதான். "அடக்கமா எழுதியிருக்கா" என்பாள் அம்மா. நீ இருந்திருந்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

பகல் ஆட்டம். பெண்கள் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். திரையில் தாய் கதவைப் பூட்டியதும் முன்வரிசையில் ஒருத்தி கத்தினாள்: "பெத்தவளா இவ? பேய்!"

"நாசமாப் போவா!" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

நான் அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. படத்துப் பெண் ஜன்னல் வழியாகக் குதித்தோடி, ஸ்டேஷனில் அவர் கழுத்தில் மாலையைப் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். நீ குதிக்கவில்லை, அக்கா. அன்று அம்மா என்னையும் உன்னோடுதான் பூட்டியிருந்தாள். ரயில் ஊதி ஓய்கிறவரை என் தலையைப் பின்னி, அவிழ்த்து, மறுபடி பின்னிக்கொண்டிருந்தாய்.

வெளியே வெயில் தணியவில்லை. தண்டவாளத்து ஓரமாக நடந்தோம். அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "அது பச்சைக் குடைடி" என்றாள். "எத்தனை நாள் பாத்திருக்கேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சாவியைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு தடவ கதவுகிட்ட வந்தேன். அது அவளுக்குத் தெரியாது." கொஞ்சம் நின்றாள். "என்னைப் பத்தி என்னதான் எழுதியிருக்கா? நீ படிக்காம விட்டதையெல்லாம் படி."

வீட்டுக்கு வந்ததும் உன் புத்தகத்தை எடுத்து, கதவு பூட்டப்படும் பக்கத்தைத் திறந்து, ஒரு சொல்லும் விடாமல் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினேன்.